வெந்நீரும் நன்னீர்மையும்

நீரின் இயல்பு தண்மை. கோடை வெயிலில் நடந்து களைத்தவன் ஒரு சுனையைக் கண்டால், அதன் குளிர்ச்சியை நாடியே அதனிடம் செல்கின்றான். ஆயினும், உலகில் சிற்சில இடங்களில் நிலத்தினின்று வெளிப்படும் நீர், கைவைக்க இயலாதவாறு சுடுகின்றது. அங்கே அடுப்பில்லை, விறகில்லை, ஆவி மட்டும் ஓயாது எழுகின்றது. பனிமூடிய மலைச்சாரலில், கைகால் விறைக்கச்செய்யும் ஆற்றின் அருகிலேயே, அரிசியை வேகவைக்கும் வெந்நீர் கொப்புளித்தெழுதலைக் காண்போர் வியவாதிருத்தல் அரிது.

அவ்வியப்பே அவ்விடங்களுள் பலவற்றைத் திருத்தலங்கள் ஆக்கிற்று. இமயமலையில் யமுனோத்திரியும் பத்ரிநாதமும் மணிகரணும், பீகாரில் ராஜகிருகமும், வங்கத்தில் வக்ரேசுவரமும், ஈழநாட்டில் திருகோணமலையை அடுத்த கன்னியாவும் வெந்நீரால் பெயர்பெற்ற இடங்களாகும். இந்திய நாட்டில் மட்டும் 300க்கு மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் உள்ளன என நிலநூலார் கணக்கிட்டுள்ளனர்.

இவ்வெப்பம் எங்கிருந்து வருகின்றது? நிலத்தைத் தோண்டிக் கீழே செல்லச் செல்ல வெப்பம் மிகும். பெரும்பாலான இடங்களில் ஒரு கிலோமீட்டர் ஆழத்திற்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பம் கூடுகின்றது. மழைநீரும் பனியுருகிய நீரும் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்திற்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறொரு வெடிப்பின் வழியே விரைந்து மேலெழும்போது வெந்நீர் ஊற்று பிறக்கின்றது. எரிமலைகள் உள்ள நாடுகளில் உருகிய பாறைக்குழம்பே அருகில் இருத்தலால், வெப்பம் மேலும் மிகுகின்றது. நீர் வரும் வழியிலுள்ள பாறைகளின் உப்பும் கந்தகமும் அதில் கரைகின்றன. அதனால்தான் சில ஊற்றுகள் உவர்க்கின்றன; சில அழுகிய முட்டையைப்போல் நாறுகின்றன.

இத்தகைய ஊற்றுகளைக் காணச் செல்வோர் தொகை இக்காலத்தில் பல மடங்கு பெருகியுள்ளது. முற்காலத்தில் யாத்திரிகர் பல திங்கள் கால்நடையாய்ச் சென்று அடைந்த இடங்களை, இன்று ஊர்தியேறிச் சில நாள்களில் அடைகின்றனர். பாதை எளிதாயிற்று, அதனால் விளைந்த நன்மை பெரிது. முதியோரும் பெண்டிரும் சிறுவரும் காணவியலாதன கண்டு மகிழ்கின்றனர். ஆனால், பாதை எளிதானதுபோல மலையும் எளிதாகிவிட்டது என எண்ணுதல் பிழை. ஊற்று ஊருக்கு அண்மையதாயிற்று. அதனால் அஃது ஊர்க்குளம் ஆகிவிட்டது என எண்ணுதல் அதனினும் பெரும்பிழை. வெந்நீர் ஊற்றுக்குச் செல்வோர் தம்மைக் காத்துக்கொள்ளவும் வேண்டும். ஊற்றைக் காக்கவும் வேண்டும். இவ்விரண்டும் வேறுவேறு கடமைகள்போலத் தோன்றினும், ஆராய்ந்து நோக்கின் ஒரே நற்பண்பின் இரு பக்கங்களே என்பது விளங்கும்.

யமுனோத்திரியை எடுத்துக்கொள்வோம். உத்தராகண்ட மாநிலத்தில், கடல்மட்டத்திற்கு மேல் 3,293 மீட்டர் உயரத்தில், யமுனையாறு தோன்றும் மலைச்சாரலில் அக்கோயில் உள்ளது. ஊர்திகள் ஜானகிசட்டி என்னும் சிற்றூர் வரையே செல்லும். அதற்கு மேல் ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவு செங்குத்தான மலைப்பாதை. கோயிலருகே சூரிய குண்டம் என்னும் ஊற்று கொதிக்கின்றது. யாத்திரிகர் அரிசியையும் உருளைக்கிழங்கையும் சிறு துணியில் முடிந்து அதனுள் இறக்கி, வெந்தபின் எடுத்துக் கோயிற் பிரசாதமாகக் கொள்கின்றனர். அந்நீரின் வெப்பம் ஏறத்தாழ 88 பாகை. கடல்மட்டத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும்; மலைமேல் காற்றின் அழுத்தம் குறைதலால், அவ்வுயரத்தில் 89 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஆகவே, சூரிய குண்டத்தின் நீர் கொதிநீரே எனலாம். அதில் தவறி விழுந்த கை வெந்துபோகும்.

அங்கே மற்றோர் அமைப்பும் உண்டு. கொதிக்கும் குண்டம் வேறு. நீராடும் குண்டம் வேறு. வெப்பம் தணிந்து உடல் தாங்கும் நிலையை அடைந்த நீரிலேயே மக்கள் நீராடுகின்றனர். பத்ரிநாதத்திலும் அலகநந்தையின் கரையில், கோயிலுக்குக் கீழே, நீராடுவதற்கென்றே தப்த குண்டம் உள்ளது. எது தொழத்தக்கது, எது தோயத்தக்கது என முன்னோர் வகுத்த வேறுபாடு வெறும் சடங்கன்று, உயிர்காக்கும் அறிவு. அந்த அறிவை மறந்து, ஆவி எழும் நீரையெல்லாம் குளியல் தொட்டியாகக் கருதுவோரே துன்புறுகின்றனர்.

ஊற்றை அடையுமுன் வழியைக் கடக்கவேண்டும். வெந்நீரைவிட வழியே மிகுதியான உயிர்களைக் கொண்டிருக்கின்றது. இமயமலை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் மலை. அதன் சரிவுகள் உறுதியற்றவை. மழைக்காலத்தில் மண்ணும் பாறையும் சரிந்து பாதையை மூடுகின்றன. 2013ஆம் ஆண்டு சூன் திங்களில் கேதாரநாதப் பகுதியில் பெருகிய வெள்ளம் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டது. அவ்வழியில் உள்ள கௌரிகுண்டத்தில், யாத்திரிகர் காலங்காலமாக நீராடிய வெந்நீர்க் குண்டமும் அவ்வெள்ளத்தில் சிதைந்தது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், கங்கோத்திரிக்குச் செல்லும் பாதையிலுள்ள தராலி என்னும் சிற்றூரைச் சேற்றுவெள்ளம் நொடிப்பொழுதில் மூடியது. அப்பாதையில்தான் கங்கநானி என்னும் வெந்நீர்த்துறையும் உள்ளது. இந்நிகழ்ச்சிகள் அச்சுறுத்துவதற்காகக் கூறப்படுவன அல்ல. காலமறிந்து செல்லவேண்டும் என்பதற்குச் சான்றுகள்.

காலமறிதலாவது, மழை வலுக்கும் திங்களைத் தவிர்த்தலும், வானிலை அறிவிப்பைக் கேட்டு நடத்தலும், இரவில் மலைப்பாதையில் ஊர்தி செலுத்தாமையும் ஆகும். 'அறை பதிவு செய்தாயிற்று. நாளை போய்ச்சேர்ந்தே ஆகவேண்டும்' என்னும் அவசரம் மலைக்குத் தெரியாது. காவலர் பாதையை மூடினால், காத்திருப்பவனே அறிவுடையவன். மூன்று நாள் பயணத்திற்கு நான்கு நாள் ஒதுக்கியவன் அமைதியாகக் காத்திருப்பான்; இரண்டு நாள் ஒதுக்கியவன் ஓட்டுநரை விரட்டுவான். விபத்துகளுள் பல, பாதையில் நிகழுமுன் இவ்வாறு திட்டத்திலேயே தொடங்கிவிடுகின்றன.

இடமறிதலும் வேண்டும். உயரத்தில் காற்று நொய்தாகலின் மூச்சு முட்டும், தலை வலிக்கும், குமட்டும். சமவெளியினின்று ஒரே மூச்சில் மேலேறாது, இடையிலுள்ள ஊர்களில் தங்கி உடலைப் பழக்கிக்கொள்ளுதல் நலம். தலைவலியும் குமட்டலும் நீங்காவிடின், கீழே இறங்குதலே மருந்து. இதய நோயும் மூச்சு நோயும் உடையோர் மருத்துவரைக் கலந்தபின்னரே புறப்படல் வேண்டும். கம்பளியாடை, மழைக்காப்பு, வழுக்காத காலணி, வழக்கமாக உண்ணும் மருந்து ஆகியவற்றைச் சுமையென்று கருதி விட்டுச்செல்லலாகாது.

கூட்டத்தையும் அறியவேண்டும். 2024ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் யமுனோத்திரிக் கோயில் திறந்தபொழுது, ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமாக உள்ள ஒடுங்கிய பாதையில் மக்கள் நகர இயலாது நெடுநேரம் நெருக்குண்டு நின்றனர். அங்கே ஒருவர் கால் இடறியிருப்பினும் பலர் வீழ்ந்திருப்பர். அரசு இப்பொழுது யாத்திரிகர் முன்னரே பதிவு செய்துகொள்ளும் முறையை நடத்துகின்றது. அதனைத் தடை என வெறுப்பாரும் உளர். முறை வரும்வரை காத்திருத்தல், முன்னே நிற்போரின் உயிருக்குத் தரும் மதிப்பே ஆகும்.

இனி, நீராடும் முறை. வெந்நீரைக் கண்ணால் அளவிட இயலாது. ஆவி குறைந்திருத்தலால் சூடு குறைந்தது எனக் கொள்ளலாகாது. அவ்வூரார் நீராடும் இடத்தில் மட்டுமே இறங்கவேண்டும். இறங்குமுன் சிறிது நீரை முகந்து கைமேல் ஊற்றிப் பார்த்தல் நன்று. உடல் வெப்பத்தினும் சற்றே மிக்க 40 பாகை அளவுள்ள நீர் இதமானது, அதனினும் மிக்க வெப்பத்தில் நெடுநேரம் இருந்தால், குருதிக் குழாய்கள் விரிந்து குருதியழுத்தம் தாழும், எழுந்து நிற்கும்போது தலை சுழலும், மயக்கம் வரும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழி இங்கே முற்றும் பொருந்தும். பத்து, பதினைந்து நிமிடத்தில் வெளியேறுதல் நலம். கருவுற்ற பெண்டிரும், இதய நோயாளரும், கைக்குழந்தைகளும் சூடான குண்டங்களில் இறங்காதிருத்தல் வேண்டும். மது அருந்தியவன் அவ்விடத்தை அணுகவே கூடாது. நீராடியபின் ஈரத்துடன் குளிர்காற்றில் நிற்றலும் தீங்கே. உடனே துவட்டி உடுத்தல் வேண்டும்.

மூழ்கி எழாமல் கழுத்தளவில் நிற்றலும் ஒரு காவலாகும். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியே ஏறி மூளையைத் தாக்கவல்லது. கேரளத்தில் 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் இத்தகைய அமீபாக்களால் விளைந்த மூளைநோய் பலரை வருத்திற்று. இந்நோய் மிக அரிது. ஆயினும் வந்தபின் தீர்த்தல் கடினம். மூக்கினுள் நீர் புகாமல் காத்தலோ மிக எளிது. அவ்வாறே, கந்தக நாற்றம் வீசும் ஊற்றுகளின் அருகே காற்றோட்டமற்ற அறையிலோ பள்ளத்திலோ நெடுநேரம் தங்கலாகாது. அந்த நச்சுக்காற்று மிகும்போது, மூக்கு நாற்றத்தை உணரும் திறனையே இழந்துவிடும். நாற்றம் நின்றது, தீங்கும் நின்றது எனக் கருதுபவன் ஏமாறுவான்.

தன் உயிரைக் காத்தலும் ஊற்றைக் காத்தலும் ஒன்றே என்பதற்கு அமெரிக்க நாட்டின் எல்லோஸ்டோன் நல்ல சான்று. 1872ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற அப்பெருங்காட்டில், வெந்நீர் ஊற்று, பீறிடும் ஊற்று, சேற்றூற்று, ஆவித்துளை என 10,000க்கு மேற்பட்டவை உள்ளன. அங்கே ஊற்றைச் சூழ்ந்த நிலம் உறுதியான பாறைபோலத் தோன்றும். உண்மையில் அது நீரிலுள்ள உப்புகள் படிந்து உண்டான மெல்லிய ஓடு; அதன்கீழ் கொதிநீர் உள்ளது. அதனால் மரப்பலகைகளால் நடைமேடை அமைத்து, அதனை விட்டு இறங்கலாகாது எனவும், அவ்வூற்றுகளில் நீராடலாகாது எனவும் விதித்துள்ளனர்.

1981ஆம் ஆண்டில் ஒரு நாய் அங்குள்ள கொதிகுளம் ஒன்றில் பாய்ந்தது. அதனை மீட்க இளைஞர் ஒருவர் பின்னே குதித்தார். நாயும் பிழைக்கவில்லை, இளைஞரும் பிழைக்கவில்லை. அவர் செயல் இரக்கத்தால் விளைந்தது. கொதிநீர் இரக்கத்தை அறியாது. நாயை உரிய இடத்தில் கட்டிவைத்திருந்தால் இரண்டு உயிர்களும் எஞ்சியிருக்கும். 2016ஆம் ஆண்டில் வேறோர் இளைஞர், நீராடத்தக்க குட்டையொன்றைத் தேடி நடைமேடையை விட்டு விலகிச் சென்று, கால்வழுக்கி வீழ்ந்து மாண்டார். நடைமேடை மனிதனின் காலைக் காக்கின்றது; அதே வேளையில், நிலத்தின் மெல்லோட்டை மனிதனின் காலினின்றும் காக்கின்றது. ஒரே பலகை இரண்டு காவலையும் செய்கின்றது.

நீர் சுரக்கும் இடத்தைத் தமிழர் 'ஊற்றுக்கண்' என வழங்குவர். பொருள் நிறைந்த சொல் அது. கண்ணில் விழும் சிறு தூசியும் பார்வையை மறைக்கும். ஊற்றின் நிலையும் அத்தகையதே. எல்லோஸ்டோனில் 'மார்னிங் குளோரி' என்னும் குளம் உண்டு. காலையில் மலரும் நீலப்பூ ஒன்றின் பெயர் அது. பூவைப்போலவே அக்குளமும் தெளிந்த நீலநிறம் பெற்றிருந்தது. காண வந்தோர் விளையாட்டாகவும், நற்பேறு வேண்டியும் அதில் காசுகளை எறிந்தனர். 1950ஆம் ஆண்டில் காவலர் அக்குளத்து நீரை இறைத்துத் தூய்மை செய்தபொழுது, எண்ணிறந்த காசுகளும் கைக்குட்டைகளும் புட்டிகளும் தகரங்களும் வெளிப்பட்டன. குப்பைகள் ஊற்றுக்கண்ணை அடைத்தமையால் வெந்நீர் வரவு குன்றிற்று. குளத்தின் வெப்பம் தாழ்ந்தது. வெப்பம் தாழவே, ஓரங்களில் மட்டும் வாழ்ந்த மஞ்சள், செம்மஞ்சள் நிற நுண்ணுயிர்கள் உள்நோக்கிப் பரவின. பழைய நீலம் சுருங்கிற்று. ஒருவர் எறிந்தது ஒரு காசுதான். ஆனால், சிறுதுளி பெருவெள்ளமாவதுபோல, ஒவ்வொரு காசும் கூடிக் குளத்தின் கண்ணை மறைத்தது.

அந்நுண்ணுயிர்களை அற்பமென எண்ணலாகாது. 1966ஆம் ஆண்டில் தாமஸ் பிராக் என்னும் அறிஞரும் அவர் மாணவரும் எல்லோஸ்டோன் வெந்நீரில், பிற உயிர்கள் பிழைக்கவொண்ணாத வெப்பத்தில் செழித்து வாழும் ஒரு நுண்ணுயிரைக் கண்டனர். அதனினின்று பிரித்தெடுத்த நொதி, வெப்பத்தால் கெடாது வேலைசெய்யவல்லது. மரபணுத் துணுக்கைப் பன்மடங்காகப் பெருக்கும் முறையை வகுத்தமைக்காகக் கேரி மல்லிஸ் என்பார்க்கு 1993ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அம்முறை எங்கும் எளிதில் கையாளத்தக்கதாய் வளர்ந்தமைக்கு இந்நொதியே துணையாயிற்று. 2020ஆம் ஆண்டில் உலகைச் சூழ்ந்த கொரோனா நோயைக் கண்டறிய உதவிய ஆய்வும் அவ்வழி வந்ததே. யாருக்கும் பயன்படாத சேறு எனக் கருதத்தக்க ஓரிடத்தினின்று இத்தகைய பெரும்பயன் விளைந்தது. எந்த ஊற்றினுள் எத்தகைய செல்வம் உளது என இன்று சொல்ல யாரால் இயலும்?

இவற்றைக் கேட்டு மறுமொழி கூறுவோர் உண்டு. 'காசும் துணியும் இடுதல் காலங்காலமாய் வந்த பக்தி. அதனைத் தடுத்தல் தகுமோ?' என்பர். பக்தியை யாரும் தடுக்கவேண்டியதில்லை. பக்தியின் பெயரால் வரும் கேட்டையே தடுத்தல் வேண்டும். தெய்வமெனத் தொழும் நீரில் ஞெகிழிப் பையும் பழந்துணியும் விடுதல் தொழுகையாகாது. காசு இடுவோர் அதனை ஊற்றைக் காக்கும் பணிக்கே அளித்தால், கொடையும் நிலைக்கும்; ஊற்றும் நிலைக்கும். 'தூய்மை செய்வது அரசின் கடமையன்றோ?' என வினவுவாரும் உளர். அரசுக்குக் கடமை உண்டு, அதில் ஐயமில்லை. கைப்பிடிக் கம்பிகளும், பல மொழிகளில் எச்சரிக்கைப் பலகைகளும், பெண்டிர் உடைமாற்றும் அறைகளும், கழிப்பிடங்களும், கழிவுநீர் ஊற்றிலோ ஆற்றிலோ கலவாமைக்கு வேண்டிய வாய்க்கால்களும் அமைத்தல் அரசின் பொறுப்பே. ஆனால், பலகையை எழுதி வைத்தல் அரசால் இயலும். அதனைப் படித்து அடங்குதல் பயணியால்தான் இயலும்.

'இத்துணை இடர் உண்டாயின், ஊற்றுகளை மூடிவிடலாமே' என்பாரும் உண்டு. அஃதும் சரியன்று. காணாத பொருளின்மேல் மக்களுக்கு அன்பு பிறவாது; அன்பு பிறவாத பொருளைக் காப்பாரும் இல்லை. அன்றியும், அவ்வூர்களின் வாழ்வு பயணிகளைச் சார்ந்தே உள்ளது. மூடுதல் எளிய வழி. முறையாகச் செல்லக் கற்பித்தலே நிலைத்த வழி.

கற்பதற்கு நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அடுத்தடுத்து உள்ளன. ஒவ்வொன்றன் வெப்பமும் சற்றே வேறுபடும். இராவணன் தன் அன்னைக்கு நீர்க்கடன் செய்தற்பொருட்டுத் தோன்றியவை என்பது புராணச் செய்தி. ஈழத் தமிழர் நெடுங்காலமாய் அங்கே முன்னோர் கடன் கழித்து வந்தனர். அங்கு யாரும் கிணற்றினுள் இறங்குவதில்லை. வாளியால் முகந்து புறத்தே நின்று நீராடுகின்றனர். உடலழுக்கு ஊற்றில் சேராமைக்கும், குழந்தைகள் வெந்நீரில் வீழாமைக்கும் அவ்வொரு வழக்கமே போதுமானதாய் அமைந்துள்ளது. பாண்டிநாட்டுச் சிற்றூர்களில் குடிநீர் ஊருணியில் காலை நனைக்காமல் நீர் முகக்கும் வழக்கும் இத்தகையதே. சப்பானியர் வெந்நீர்த்துறைக்குச் சென்றால், முதலில் புறத்தே அமர்ந்து உடலை நன்கு தேய்த்துக் கழுவியபின்னரே பொதுக்குளத்தில் இறங்குவர். துவாலையைக்கூட அந்நீரில் தோய்க்கமாட்டார்கள். நாடும் மொழியும் வேறாயினும் அறிவு ஒன்றே: பொதுநீர் தனக்குப் பின் வருபவனுக்கும் உரியது.

தமிழில் நீர்மை என்னும் சொல்லுக்கு நீரின் தன்மை எனவும், நற்குணம் எனவும் பொருள் உண்டு. வெந்நீர் ஊற்றைக் காணச் செல்வோரிடம் வேண்டப்படுவது இந்நீர்மையே. கல்விச் சுற்றுலாவாகவோ பெற்றோருடனோ அத்தகைய இடத்திற்குச் செல்லும் மாணவர், எச்சரிக்கைப் பலகையை முதலில் படிப்பவராகவும், வேலியைத் தாண்டும் தோழனின் கையைப் பிடித்து நிறுத்துபவராகவும், தாம் கொண்டுசென்ற குப்பையைத் தம் பையிலேயே திரும்பக் கொண்டுவருபவராகவும் இருத்தல் வேண்டும். சவர்க்காரத்தை ஊற்றருகே எடுத்துச் செல்லாமையும், எதனையும் நீரில் எறியாமையும் சிறு செயல்களே. ஆனால், அவற்றைச் செய்பவன் இருபது ஆண்டுகள் கழித்துத் தன் மக்களை அழைத்துக்கொண்டு அதே இடத்திற்குச் செல்லும்போது, அதே ஊற்று அதே தெளிவுடன் ஆவி எழுப்பி அவர்களையும் வரவேற்கும்.